போர்க்காலத்தில் டெல்டா நகராட்சி மன்றங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காவிரிக் கரை நகராட்சி ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் எழுத்தராகவும், கடைசிக் காலத்தில் ஆவண அறைப் பொறுப்பாளராகவும் இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஆய்வேடு எழுதும் மாணவர்களும், தாத்தா கவுன்சிலராக இருந்தார் என்று கேள்விப்பட்டுத் தேடி வரும் பேரன் பேத்திகளும், சில சமயம் இன்றைய மன்ற உறுப்பினர்களும் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தாம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக் களைத்துப் போனதால் எழுதி வைத்தேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன்.

நம்ம ஊர்ல எப்போ சார் போர் நடந்தது? நீங்க எந்தப் போரைச் சொல்றீங்க?

இங்கே சொல்லப்படுவது 1939 முதல் 1945 வரை நடந்த இரண்டாம் உலகப் போர். 1939 செப்டம்பர் 3 அன்று பிரிட்டன் போர் அறிவித்தது. அன்றே வைஸ்ராய் லின்லித்கோ இந்தியர் எவரையும் கலந்து பேசாமல் இந்தியாவும் போரில் இருப்பதாக அறிவித்துவிட்டார். அதை எதிர்த்து அக்டோபர் இறுதியில் ராஜாஜியின் அமைச்சரவை விலகியது. அதன் பிறகு 1946 வரை சென்னை மாகாணத்தை ஆளுநர் ஆலோசகர்களை வைத்து நேரடியாக ஆண்டார். மாகாணத்தில் சட்டசபை இயங்காத அந்த ஆண்டுகளில், மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேச எஞ்சியிருந்த இடங்களில் ஒன்று நகராட்சி மன்றம். இந்த ஆவணங்களுக்கு மதிப்பு வந்ததே அதனால்தான் என்பது என் எண்ணம்.

டெல்டாவில் படைகள் மோதவில்லை. ஆனால் 1942 ஏப்ரல் 5 அன்று கொழும்பிலும், மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும், 9 அன்று திருகோணமலையிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. திருகோணமலை நாகப்பட்டினத்திலிருந்து ஒரு கடல் தாண்டினால் வந்துவிடும் தூரம். அந்த ஏப்ரல் மாதத்தில் இங்கே எவரும் போரைத் தொலைதூரச் செய்தியாக நினைத்திருக்க முடியாது.

அப்போ நகராட்சின்னா யார் யார்? இப்போ இருக்கிற மாதிரியேதானா?

தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம், மன்னார்குடி, நாகப்பட்டினம், திருச்சிராப்பள்ளி ஆகிய ஆறும் 1866 இல் நகராட்சிகளாயின. போர்க்காலத்தில் அவை 1920 ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டப்படி இயங்கின. வாக்குரிமை எல்லோருக்கும் இல்லை. சொத்துவரி, தொழில்வரி போன்றவற்றைச் செலுத்துவோருக்கே பெரும்பாலும் இருந்தது. உறுப்பினர்கள் தங்களுக்குள் ஒருவரைச் சேர்மனாகத் தேர்ந்தெடுத்தார்கள். 1930களுக்குப் பிறகு பெரிய நகராட்சிகளில் நிர்வாகப் பொறுப்பு அரசாங்கம் அனுப்பிய கமிஷனரிடம் சென்றதால், மன்றம் தீர்மானிப்பதும் கமிஷனர் நடத்துவதும் என்ற இன்றைய இழுபறிக்கு அப்போதே வித்து விழுந்துவிட்டது.

தேடி வருபவர்கள் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். அன்று திருச்சியைத் தவிர மேற்சொன்ன ஊர்கள் அனைத்தும் ஒரே தஞ்சாவூர் ஜில்லாவில் இருந்தன. நாகப்பட்டினம் 1991 இலும், திருவாரூர் 1997 இலும், மயிலாடுதுறை 2020 இலும்தான் தனி மாவட்டங்களாயின. மயிலாடுதுறை என்ற பெயரில் போர்க்கால ஆவணத்தைத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. மாயவரம் என்று தேட வேண்டும்.

குண்டு போடுவான்னு பயந்துக்கிட்டு இருக்கும்போது கூட்டமெல்லாம் ஒழுங்கா நடந்துச்சா?

நடந்தது. நான் பணிபுரிந்த அலுவலகத்தில் எஞ்சியிருந்த ஒரு மினிட்ஸ் புத்தகத்தை, அதாவது மன்றக் கூட்ட நடவடிக்கைக் குறிப்பேட்டை, முதன்முதலில் புரட்டியபோது எனக்கும் இந்த எதிர்பார்ப்பே இருந்தது. பக்கத்துக்குப் பக்கம் போர் இருக்கும் என்று நினைத்தேன். கண்ணில் பட்டதோ, குப்பை வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை இரும்பு கிடைக்காதது பற்றிய மேஸ்திரியின் குறிப்பு, சந்தைக் குத்தகைக்காரர் தவணை கேட்ட மனு, தெற்கு வீதிச் சாக்கடையில் பக்கத்து வீட்டுக்காரர் படி கட்டிய தகராறு, பள்ளிக்கூட ஆசிரியை ஒருவரின் பிரசவ விடுப்பு. போர் என்ற சொல்லே நான்கைந்து பக்கங்களுக்கு ஒருமுறைதான் தலைகாட்டியது.

பிறகு மெல்லப் புரிந்தது. பட்டை இரும்பு கிடைக்காததே போர்தான். இரும்பும் எஃகும் அரசின் கட்டுப்பாட்டில் போய்விட்டிருந்தன. அந்தப் புத்தகத்தின் பிற்பகுதியில் காகிதம் மெலிந்து, எழுத்து பொடியாகி, ஓரத்தில் விடும் இடமும் மறைந்து, சில இணைப்புகள் பழைய வரி நோட்டீசுகளின் வெற்றுப் பின்புறத்தில் எழுதப்பட்டிருந்தன. எதிர் வெளிச்சத்தில் பிடித்தால் ஒருபுறம் யாரோ ஒருவரின் வீட்டுவரி பாக்கி, மறுபுறம் குடிநீர்க் கிணறு பற்றிய அறிக்கை. காகிதத் தட்டுப்பாட்டைப் பற்றி எந்தத் தீர்மானமும் இல்லை. காகிதமே அதைச் சொல்லிக்கொண்டிருந்தது.

தெரு விளக்கை அணைச்சது குண்டுக்குப் பயந்தா, மண்ணெண்ணெய் இல்லாமலா?

இரண்டும் உண்டு, ஆண்டைப் பார்த்துப் பிரித்துக்கொள்ள வேண்டும். 1941 டிசம்பரில் ஜப்பான் போரில் இறங்கியதற்குப் பிறகு, குறிப்பாக 1942 இன் முதல் பாதியில், இருட்டடிப்புக்காக விளக்குகள் குறைக்கப்பட்டன அல்லது மேலே வெளிச்சம் போகாதபடி மூடி போடப்பட்டன. ஆனால் அதைவிட நீண்ட காலம் தெருக்களை இருட்டாக்கியது மண்ணெண்ணெய்த் தட்டுப்பாடு. இந்தியாவுக்கு வந்த மண்ணெண்ணெயில் பெரும் பங்கு பர்மாவிலிருந்து வந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் வீழ்ந்தபோது, அருகிலிருந்த சிரியம் எண்ணெய் ஆலையை ஆங்கிலேயர்களே தகர்த்துவிட்டுப் பின்வாங்கினார்கள். பர்மா அரிசியும் பர்மா எண்ணெயும் ஒரே மாதத்தில் நின்றுபோயின. மின்விளக்கு வந்துவிட்ட பெரிய வீதிகள் ஓரளவு தப்பின. லாந்தர்க் கம்பங்களை நம்பியிருந்த சந்துகளும் ஊர்க்கோடித் தெருக்களும்தான் இருளில் கிடந்தன.

இதில் மாணவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. நிலாக் காலத்தில் தெரு விளக்கு ஏற்ற வேண்டாம் என்பது போருக்கு முன்பே இருந்த சிக்கன வழக்கம். ஆகவே ‘விளக்குகள் ஏற்றப்படவில்லை’ என்ற ஒரு வரியைக் கண்டவுடன் அதைப் போர்க் கணக்கில் எழுதிவிடாமல், அன்றைக்கு என்ன திதி என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

ஏ.ஆர்.பி.ன்னு தாத்தா சொல்வார். அது என்ன? பதுங்கு குழியெல்லாம் வெட்டினாங்களாமே?

விமானத் தாக்குதல் முன்னெச்சரிக்கை ஏற்பாடு என்பதன் ஆங்கில முதலெழுத்துகளே ஏ.ஆர்.பி. தெருவுக்குத் தெரு வார்டன்கள், தீயணைக்க மணல் வாளிகள், முதலுதவிப் பயிற்சி, சைரன் ஒத்திகை ஆகியவை இதில் அடங்கும். உத்தரவு மேலிருந்து வரும். மணல், வாளி, கூலி ஆட்கள், இடம் ஆகியவற்றுக்கு நகராட்சியைத்தான் பார்ப்பார்கள். துறைமுகமான நாகப்பட்டினத்துக்கும், ரயில்வே பட்டறை இருந்த பொன்மலையை ஒட்டிய திருச்சிக்கும் இந்தக் கவலை மற்ற ஊர்களைவிட அதிகம்.

பதுங்கு குழி விஷயத்தில் டெல்டாவின் மண்ணே எதிரி. மூன்றடி நான்கடி தோண்டினால் ஐப்பசி அடைமழையில் தானே நீர் ஊறி நிற்கும் ஊர்கள் இவை. போர்க்காலத்தில் சிறுவராக இருந்த பெரியவர் ஒருவர் பள்ளி மைதானத்துக் குழியைப் பற்றி என்னிடம் சொன்னார்: சித்திரையில் அதில் இறங்கித் தலையைக் குனிந்து உட்காரப் பழகிக் கொடுத்தார்களாம், கார்த்திகையில் அதே குழியில் தவளை பிடித்தார்களாம். கொசு பெருகுகிறது, மூடுங்கள் என்று சுகாதாரப் பிரிவும், உத்தரவில்லாமல் மூட முடியாது என்று பொறியியல் பிரிவும் எழுதிக்கொள்வதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

எங்க ஊர் நகராட்சிச் சங்கு அந்தக் காலத்துச் சைரன்தானா?

இருக்கலாம், எல்லா ஊருக்கும் ஒரே பதில் கிடையாது. போர் முடிந்ததும் வேலையற்றுப்போன சைரன்கள் சில ஊர்களில் காலை, மதியம், இரவு என்று நேரம் சொல்லும் சங்காக மாறின. வேறு ஊர்களில் சங்கு பிற்பாடு வாங்கப்பட்டது. நகராட்சியின் சரக்குப் பதிவேட்டில் அது எந்த ஆண்டில், எந்தக் கணக்கில் வரவு வைக்கப்பட்டது என்று பார்த்தால் ஐயம் தீர்ந்துவிடும்.

சென்னையிலேர்ந்து ஜனங்க மூட்டை முடிச்சோட ஓடி வந்தாங்களாமே, அவங்களுக்கு நகராட்சி என்ன செஞ்சது?

1942 ஏப்ரலில் சென்னையை விட்டு மக்கள் பெருமளவில் வெளியேறினார்கள். அரசு அலுவலகங்கள் சிலவும் உள்நாட்டு ஊர்களுக்குப் போயின. அதைப் பேச்சுவழக்கில் ‘எவாக்குவேஷன்’ என்றே சொன்னார்கள். கும்பகோணம், தஞ்சாவூர், மாயவரம் போன்ற ஊர்களில் சொந்தபந்தம் உள்ளவர்கள் இங்கே வந்து இறங்கினார்கள். அதே மாதங்களில் பர்மாவிலிருந்தும் மலேயாவிலிருந்தும் தப்பி வந்த குடும்பங்களும் சேர்ந்துகொண்டன. பர்மாவைவிட்டு வெளியேறிய இந்தியர்கள் ஏறக்குறைய 5 லட்சம் பேர். அவர்களில் பலர் அரக்கான், அஸ்ஸாம் வழியாகக் காட்டையும் மலையையும் நடந்து கடந்தவர்கள். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஓடிய கப்பல் நின்றுபோனதால், அந்தப் பக்கத்து மணியார்டரை நம்பியிருந்த வீடுகளில் அடுப்பும் சேர்ந்து அணைந்தது.

நகராட்சிக்கு இது மூன்று வகையில் வேலை வைத்தது: கிணறும் குழாயும் தாங்காத கூட்டம், அதிகமான கழிவு, ஏறிப்போன வீட்டு வாடகை. வாடகையைப் பொறுத்தவரை, இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் 1941 இலேயே சென்னை மாகாணத்தில் வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை வந்துவிட்டது. 1945 இல் அது புதுப்பிக்கப்பட்டு, 1946 இல் சட்டமாயிற்று. நம் தலைமுறை வரை வீட்டுக்காரரும் குடித்தனக்காரரும் கோர்ட்டில் மோதிக்கொண்ட அந்த வாடகைச் சட்டத்தின் வேர் இந்தப் போர்தான். இது நகராட்சியின் அதிகாரத்தில் இல்லை; ஆனால் நியாய வாடகை என்ன என்று தகராறு வந்தால் முதலில் தேடப்படுவது நகராட்சியின் வீட்டுவரிப் பதிவேடு. வரி குறைய வேண்டும் என்பதற்காக வாடகையைக் குறைத்துச் சொல்லியிருந்த வீட்டுக்காரர்கள் அப்போது என்ன முகத்தை வைத்துக்கொண்டார்கள் என்று பார்க்க எனக்கு ஆசையுண்டு.

தஞ்சாவூர் நெற்களஞ்சியம்னு பேரு. இங்க எதுக்கு ரேஷன்?

களஞ்சியமாக இருந்ததால்தான். போருக்கு முன் இந்தியா ஆண்டுதோறும் 10 லட்சம் டன்னுக்கு மேல் பர்மா அரிசியை இறக்குமதி செய்துவந்தது. மலபார், கொச்சி, திருவிதாங்கூர் ஆகிய பகுதிகள் அதை நம்பியே இருந்தன. அது நின்றதும், மிச்சம் விளையும் ஜில்லாக்களிலிருந்து நெல்லை எடுத்துக் குறை விளைச்சல் பகுதிகளுக்கு அனுப்புவதைத் தவிர அரசுக்கு வேறு வழியில்லை. தஞ்சாவூர் ஜில்லா முதல் வரிசையில் நின்றது. 1943 இல் வங்கத்தில் லட்சக்கணக்கானோர் பட்டினியால் இறந்த பிறகு எந்த அதிகாரியும் இதில் துணிந்து அலட்சியம் காட்ட முடியவில்லை. கொள்முதல், பெர்மிட் இல்லாமல் ஜில்லாவைவிட்டு நெல்லை வெளியே கொண்டுபோகத் தடை, கட்டுப்பாட்டு விலை, கடைசியில் குடும்ப அட்டையும் அவுன்ஸ் கணக்கும் என்று வரிசையாக வந்தன. சென்னை நகரில் 1943 இலும், பிறகு படிப்படியாக மற்ற நகரங்களிலும் ரேஷன் நடைமுறைக்கு வந்தது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். கிராமத்தில் நிலமுள்ளவன் களத்திலேயே ஆண்டு முழுவதுக்கும் ஒதுக்கி வைத்துக்கொள்வான். நகரத்தில் இருப்பவர் குமாஸ்தா, நெசவாளி, பாத்திரக்காரர், வாத்தியார். இவர்கள் நெல்லை விலைக்கு வாங்கித் தின்பவர்கள். கும்பகோணத்தில் குடியிருந்துகொண்டு, சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் சம்பா விளைந்திருக்க, ரேஷன் கடையில் வேறு ஊரின் கொட்டை அரிசியைக் கல் பொறுக்கித் தின்றதாகச் சொல்பவர்களின் ஆற்றாமை பொய்யல்ல. மன்றத்துக்கு நெல்லின் மீது எந்த அதிகாரமும் இல்லை; எனினும் வீட்டு எண்ணும், வீட்டில் எத்தனை பேர் என்ற தகவலும் நகராட்சியின் வசம் இருந்ததால் அட்டைத் தகராறுகளெல்லாம் கவுன்சிலர் வாசலில்தான் விடிந்தன.

சில்லறையே கிடைக்கலைன்னு பாட்டி சொல்வாங்க. அப்போ வரி எப்படி வசூல் பண்ணாங்க?

பாட்டி சொன்னது உண்மை. உலோகத்துக்குப் போர்த் தேவை இருந்ததாலும், மக்கள் வெள்ளி நாணயத்தைப் பதுக்கியதாலும் சில்லறை மறைந்தது. 1940 இல் ஒரு ரூபாய்த் தாள் வந்தது. 1943 இல் செம்பை மிச்சப்படுத்த நடுவில் துளையிட்ட காலணா அடிக்கப்பட்டது. ஓட்டைக் காலணா என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். அரையாண்டு சொத்துவரியை ரூபாய்த் தாளாகக் கொடுத்துவிடலாம். சிரமம் சிறு கட்டணங்களில்தான்: வண்டிப்பேட்டையில் ஒரு வண்டிக்கு ஓரணா, சந்தையில் ஒரு கூடைக்குக் காலணா என்று வாங்கும் குத்தகைக்காரர் மீதிச் சில்லறை கொடுக்க முடியாமல் திண்டாடினார். குத்தகைத் தொகையைக் குறைக்கக் கேட்டு அவர்கள் கொடுத்த மனுக்களில் இதையும் ஒரு காரணமாக எழுதினார்கள். எத்தனை பேருக்கு அது உண்மைக் காரணம் என்பதை நான் சொல்ல மாட்டேன்.

கும்பகோணத்தின் பாத்திரக் கடைகளுக்கு வேறு இடி. தகடும் செம்பும் தட்டுப்பாடானதோடு, பாத்திரத்துக்குப் பூசும் ஈயம் பெரும்பாலும் மலேயா மண்ணில் கிடைப்பது. மலேயா 1942 இன் தொடக்கத்திலேயே ஜப்பான் கைக்குப் போய்விட்டது. தொழில் முடங்கியவரிடம் தொழில்வரி கேட்டுப் போன பில் கலெக்டர் என்ன வரவேற்பைப் பெற்றிருப்பார் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

குப்பை, கழிவெல்லாம் அள்ளினவங்க கதை மினிட்ஸ்ல இருக்கா? அவங்க சம்பளம் ஏறுச்சா?

இருக்கிறது; ஆனால் அவர்கள் பெயரால் அல்ல, எண்ணிக்கையாலும், இன்று அச்சிடக் கூடாத சாதிப் பெயர்களாலும். படிக்கும்போது மனம் கசக்கும் பக்கங்கள் அவை. விலைவாசி இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று ஏறியபோது மாதச் சம்பளத்தில் வாழ்ந்த அனைவரும் அடிபட்டார்கள். துப்புரவுத் தொழிலாளர்களுக்கு அடிபடுவதற்கே எதுவும் மிச்சமில்லை. சம்பளத்துக்கு மேல் தனியாக ஒரு படி கொடுக்கும் ஏற்பாடு இந்தப் போர்க்காலத்தில் வேரூன்றியது. இன்று அகவிலைப்படி என்று மிடுக்காக எழுதுகிறோம். என் முன்னோடிகள் அதைப் பஞ்சப்படி என்றே எழுதினார்கள். பெயரிலேயே காரணம் தெரிந்தது.

படி போதாது என்று வேலைநிறுத்தம் செய்வதும் எளிதல்ல. 1941 இல் வந்த அத்தியாவசியப் பணிகள் அவசரச் சட்டத்தின் கீழ் ஒரு பணி அறிவிக்கப்பட்டுவிட்டால், தகுந்த காரணமின்றி வேலைக்கு வராமலிருப்பதே குற்றமாகிவிடும். இந்தக் கத்தி தலைக்கு மேல் தொங்கத்தான் அவர்கள் மனுக் கொடுத்தார்கள்.

கழிவு வண்டிகளை இழுத்த மாடுகளையும் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் போர் என்றால் முதலில் நினைவுக்கு வருவது வைக்கோற்போர். பெட்ரோலும் டயரும் கிடைக்காமல் லாரிகள் நின்று, பஸ்கள் கரிவாயுவுக்காகக் கரி அடுப்பைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓடிய காலத்தில், பாரம் இழுக்கும் வேலை மறுபடியும் மாட்டுவண்டிக்கு வந்தது. வைக்கோல் விலை ஏறியது. நகராட்சித் தொழுவத்துக்குத் தீவனம் போடும் டெண்டரை எடுக்க ஆளில்லாமல் மறுபடி மறுபடி அறிவிப்பு கொடுத்த கதையை நான் படித்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில மருந்தில்லாம ஜுரத்துல நிறைய பேர் செத்தாங்கன்னு சொல்றாங்களே?

நகராட்சி மருந்தகங்களின் பெரிய இழப்பு, மலேரியா ஜுரத்துக்குக் கொடுக்கும் கொய்னா மருந்து. உலகத்துக்குத் தேவையான கொய்னாவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஜாவாத் தீவிலிருந்து வந்துகொண்டிருந்தது. 1942 மார்ச்சில் ஜாவா ஜப்பானிடம் வீழ்ந்தது. நீலகிரியிலும் ஆனைமலையிலும் கொய்னா எடுக்கும் சிங்கோனா மரங்களுக்கு அரசின் தோட்டங்கள் இருந்ததால் சென்னை மாகாணம் முற்றிலும் கைவிடப்படவில்லை, ஆனால் அது பற்றாது. மேட்டூர் அணை 1934 இல் திறக்கப்பட்டுப் புது ஆறு வெட்டப்பட்ட பிறகு பட்டுக்கோட்டைப் பக்கத்தில் மலேரியா பரவி, அதை ஆராய 1930களில் வெளிநாட்டு மருத்துவர்களே வந்து தங்கியிருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், கொய்னா மாத்திரை குறைவது டெல்டாவுக்கு எவ்வளவு பெரிய சேதி என்பது விளங்கும். மருந்து குறைந்தபோது மன்றத்தால் செய்ய முடிந்தது, தேங்கிய நீரை வடிப்பது மட்டும்தான். பதுங்கு குழி பற்றிய கேள்வியில் சொன்ன தகராறு இங்கேதான் உயிர்ப் பிரச்சினையாகிறது.

சண்டை நடக்கும்போதே மகாமகம் வந்துச்சாமே, உண்மையா?

உண்மை. 1933 க்கு அடுத்த மகாமகம் 1945 இல், தாரண ஆண்டு மாசியில் வந்தது. ஐரோப்பாவில் போர் முடிய அப்போது இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தது. ஜப்பானோடு ஆகஸ்ட் வரை நடந்தது. கும்பகோணம் நகராட்சிக்கு மகாமகம் என்றால் குளத்து நீர், தற்காலிகக் கழிப்பிடம், காலராத் தடுப்பூசி, பந்தல், விளக்கு, கூடுதல் துப்புரவு ஆட்கள் என்று பல மாதத்து வேலை. மேலே மண்ணெண்ணெய், இரும்பு, அரிசி, வண்டி பற்றிச் சொன்ன ஒவ்வொரு தட்டுப்பாடும் அந்த ஒரே நாளில் ஒன்றுகூடியது என்று நினைத்துக்கொண்டால் போதும். குரு சிம்மத்துக்கு வருவதைக் கலெக்டராலும் ஒத்திவைக்க முடியாது.

ஒரே கூட்டத்துக்கு நோட்டீஸ்ல ஒரு நேரமும், இன்னொரு காகிதத்துல ஒரு மணி வித்தியாசமும் இருக்கு. எழுதினவர் தப்பா?

பெரும்பாலும் தவறில்லை. 1942 செப்டம்பர் 1 முதல் 1945 அக்டோபர் நடுப்பகுதி வரை இந்தியாவின் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கப்பட்டன. பகல் வெளிச்சத்தை முழுமையாகப் பயன்படுத்துவது நோக்கம். அலுவலகமும் ரயிலும் புது மணிக்கு ஓடின. கோயிலும் களத்துமேடும் சூரியனைப் பார்த்தே நடந்தன. ஆகவே ஒருவர் ‘பழைய மணி’யில் எழுத, இன்னொருவர் ‘புது மணி’யில் எழுதியிருக்கலாம். உங்கள் தாத்தாவின் ஜாதகம் அந்த மூன்றாண்டுக்குள் எழுதப்பட்டதானால், பிறந்த நேரம் எந்த மணியில் குறிக்கப்பட்டது என்று ஜோசியரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

என் தாத்தா காங்கிரஸ் கவுன்சிலர். ஜெயிலுக்குப் போனார். ஆனா மினிட்ஸ்ல அவர் பேரைத் திடீர்னு காணோம். நீக்கிட்டாங்களா?

யாரும் நீக்காமலேயே பதவி போயிருக்கலாம். தொடர்ந்து மூன்று மாதம் மன்றக் கூட்டங்களுக்கு வராத உறுப்பினர் பதவி இழப்பார் என்பது சட்டம். சிறையில் இருப்பவர் எப்படி வருவார்? 1940 அக்டோபர் 17 அன்று வினோபா பாவே தொடங்கிய தனிநபர் சத்தியாகிரகத்தில், காந்தியின் அனுமதியோடு சட்டமன்ற உறுப்பினர்களும் உள்ளாட்சி உறுப்பினர்களும் வரிசையாகச் சிறை புகுந்தார்கள். 1942 ஆகஸ்டில் ‘வெள்ளையனே வெளியேறு’ தீர்மானத்துக்குப் பிறகு விசாரணையே இல்லாமல் பாதுகாப்பு விதிகளின் கீழ் காவலில் வைக்கப்பட்டவர்கள் ஏராளம். திருவையாற்றில் முன்சீப் கோர்ட் தாக்கப்பட்டதும் அந்த ஆகஸ்டில்தான்; அதன் பிறகு ஜில்லா முழுவதும் போலீசின் பிடி இறுகியது.

நீங்கள் செய்ய வேண்டியது இது. அவர் பெயர் மறையும் கூட்டத்திலிருந்து மூன்று நான்கு மாதம் தள்ளிப் போய், ‘காலியிடம்’ பற்றிய குறிப்பையோ, விடுதலைக்குப் பின் பதவியை மீட்டுத் தரக் கேட்ட மனுவையோ தேடுங்கள். சில மன்றங்கள் மீட்டுக் கொடுத்தன. சிலவற்றில் அந்த இடத்தைப் பிடிக்க ஆள் காத்திருந்தது.

யுத்த நிதிக்கு மன்றம் பணம் கொடுத்திருக்கு. அப்போ அவங்க எல்லாம் வெள்ளைக்காரனுக்கு வால் பிடிச்சவங்கதானே?

இதை அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. நகராட்சிப் பணத்தைச் சட்டத்தில் சொன்ன காரியங்களுக்கே செலவிடலாம். அதற்கு வெளியே கொடுப்பதானால் அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். யுத்த நிதிக்கு மட்டும் அந்த அனுமதி கேட்காமலே கிடைக்கும் நிலை. ஜில்லா யுத்தக் கமிட்டியின் தலைவர் கலெக்டர். மன்றத் தீர்மானங்களை நிறுத்தி வைக்கவும், மன்றத்தையே கலைத்துத் தனி அதிகாரியை உட்கார வைக்கவும் அரசாங்கத்துக்கு வழி செய்யும் அறிக்கைகளை எழுதுபவரும் அவரே. அப்படிப்பட்டவர் வசூலுக்கு வரும்போது இல்லை என்று சொல்லத் துணிவு வேண்டும். மனமுவந்து கொடுத்தவர்களும் உண்டு. ஹிட்லரும் ஜப்பானும் வெல்வதைவிட இது மேல் என்று நேர்மையாக நினைத்தவர்களும் உண்டு. பட்டத்துக்காகக் கொடுத்தவர்கள் இல்லை என்று நான் சொல்லவில்லை.

தீர்மானத்தைப் படிக்கும்போது தொகையைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார், எத்தனை பேர் அன்று வரவே இல்லை என்பதையும் பாருங்கள். வராதிருப்பதும் ஒரு வாக்குதான். பேசினால் பாதுகாப்பு விதி. வராமலிருந்தால் அதிகம் போனால் பதவி, அதுவும் மூன்று மாதம் கழித்து.

1962, 1965, 1971 போர்களின்போது நம்ம நகராட்சிகள் என்ன செஞ்சது?

ஒப்பிட்டால் குறைவே. 1962 இல் தேசியப் பாதுகாப்பு நிதிக்குப் பணமும் நகையும் திரட்டும் கூட்டங்கள், 1965 இல் தானியச் சிக்கனம், 1971 டிசம்பரில் கடலோர ஊர்களில் விளக்கைக் குறைக்கச் சொல்லும் எச்சரிக்கை என்று சில வாரங்களில் முடிந்துவிட்டன. 1968 இல் குடிமக்கள் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு இந்த வேலைகளுக்குத் தனி ஏற்பாடும் உருவாயிற்று. ஆறாண்டுக் காலம் ஆணிக்கும் எண்ணெய்க்கும் அல்லாடிய அனுபவம் மறுபடி வரவில்லை.

இதெல்லாம் எங்க பார்க்கலாம்? எங்க ஊர் ஆபீஸ்ல பழைய புத்தகமே இல்லைங்கிறாங்க.

அவர்கள் பொய் சொல்லவில்லை. நான் இருந்த அலுவலகத்திலேயே ஆவண அறையின் கீழ்த்தட்டு முழுவதையும் ஒரு மழைக்காலத்துக் கரையான் தின்றுவிட்டது. மேல்தட்டில் பாதி, இடம் வேண்டும் என்று எடைக்குப் போடப்பட்டது. அந்த நாளில் எதிர்ப்புத் தெரிவிக்கும் பதவியில் நான் இல்லை. எஞ்சியது மூன்று புத்தகங்கள். மேலே நான் சொன்ன மினிட்ஸ் புத்தகம் அவற்றில் ஒன்று.

உள்ளூரில் இல்லையென்றால் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குச் செல்லுங்கள். நகராட்சி அரசாங்கத்துக்கு எழுதிய ஒவ்வொரு கோரிக்கையும், உள்ளாட்சி நிர்வாகம் தொடர்பான அரசாணைகளில் இணைப்பாக அங்கே தங்கியிருக்க வாய்ப்புண்டு. உறுப்பினர் நியமனமும் காலியிடமும் அன்றைய மாகாண அரசிதழான செயிண்ட் ஜார்ஜ் கோட்டை கெஜட்டில் கிடைக்கும். சுதேசமித்திரன், தினமணி ஆகியவற்றின் பழைய இதழ்களில் உள்ளூர்ச் செய்திப் பகுதியையும் பாருங்கள். போர்க்காலத்தில் பக்கங்கள் குறைந்துவிட்டதால் மன்றச் செய்தி இரண்டு மூன்று வரிதான் இருக்கும். போகும்போது ஊரின் பழைய பெயரையும், ஜில்லாவின் பெயரையும், ஆண்டையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். உருப்பெருக்குக் கண்ணாடி ஒன்றும் இருக்கட்டும். 1943 க்குப் பிந்தைய எழுத்து மிகவும் பொடி.